உள்ளே ஆள் 1

பேய் என்றால் இரவு, இருட்டு, நாய் ஊளை என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்தது காலையில். நல்ல வெயில். சுற்றிலும் மனிதர்கள். வாசலில் லோரி ஓட்டுநர்கள் தே தாரேக் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். அதனால்தான் பிரமை, தூக்கக் கலக்கம் என்று சொல்லி இதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. நான் பார்த்தேன். என்னோடு இன்னும் பலர் பார்த்தார்கள். அதில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை.

ஆலையின் பெயரைச் சொல்லமாட்டேன். ஜெராம் பக்கம் தோட்டத்துக்குள் திரும்பும் சாலையில் இருக்கிறது. அவ்வளவு போதும். அங்கே இன்னும் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

என் பெயர் விஷாலினி. வீடு ரவாங்கில். வேலை புஞ்சாக் ஆலாமில், ஒரு சின்ன நிறுவனத்தில். ஆலை இயந்திரங்களைக் கணினி வழியாக இயக்கும் நிரல்களை எழுதுவோம், பழுது பார்ப்போம். முதலாளி பெயர் திவாகரன்.

இந்தச் செம்பனை ஆலையின் நிரலை லிஸ்ப் என்ற பழைய கணினி மொழியில் எழுதியிருந்தார்கள். எழுதியவர் புவனேசன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். ஆலையில் அதைப் பொருத்திய அதே மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “அவன் மீன் விக்கத்தான் லாயக்குலா” என்று திவாகரன் சிரித்தார்.

நிரல் பத்துக் கோப்புகளாக இருந்தது. கதவுக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று... இப்படி. நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவதைக் கம்பைல் செய்வது என்போம். பத்தையும் தனித்தனியாகக் கம்பைல் செய்தாயிற்று. ஆனால் ஆலையின் கணினி, மின்சாரம் வந்து எழுந்ததும், ஒரே ஒரு கோப்பைத்தான் எடுத்து ஏற்றிக்கொள்ளும். அதனால் பத்தையும் ஒட்டி ஒன்றாக்க வேண்டும். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ரயில் பெட்டிகளைக் கோப்பது மாதிரிதான். முன்னால் போக வேண்டியது முன்னால், பின்னால் போக வேண்டியது பின்னால். ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

ஒட்டிய கோப்பின் அளவு, பத்தின் கூட்டுத்தொகையாக இருக்கும். கூடாது. குறையாது.

அன்று கூடியது.

பெருநாள் விடுமுறைக்கு ஆலையை மூடியிருந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய கணினியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தோம். மறுபடி திறக்கும் நாளன்று நான் காலை ஏழரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தேன். வெளியே செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரிகள் கேட்டிலிருந்து சாலை வளைவு வரை நின்றன. விடுமுறையில் வெட்டிய குலைகள் அழுகத் தொடங்கிய வாடை. பாய்லரை விடியற்காலையிலேயே பற்றவைத்திருந்தார்கள்.

ஸ்டெரிலைசர் என்பது படுக்கவைத்த பெரிய இரும்பு உருளை. இரண்டு பஸ் உள்ளே போகிற நீளம். குலைகள் நிரம்பிய இரும்புக் கூண்டுகளைத் தண்டவாளத்தில் தள்ளி உள்ளே விடுவார்கள். கனமான வட்டக் கதவு ஒன்று மூடும். பிறகு நீராவி. ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் வெந்துவிடும். கதவையும் நீராவியையும் இயக்குவது எங்கள் நிரல்.

அன்று கூண்டுகள் உள்ளே போய்விட்டன. கதவு மூடியாயிற்று. நான் கோப்பை ஏற்றினால் நீராவி போகும். அதற்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள்.

எனக்குத் துணையாக இருந்தவர் சோமு. ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். கதவுப் பக்கம் வேலை. இந்த ஆலைக்கு வந்து இரண்டு வருடம்தான். மாடியிலிருந்த கட்டுப்பாட்டு அறையில் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இடுப்பில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“உள்ள போறதுன்னா இத கதவுல மாட்டிட்டுத்தான் போகணும், தங்கச்சி. சாவி என் பாக்கெட்ல. நான் வெளிய வராம அந்தக் கதவு மூடாது.”

அப்போது பொறியாளர் நல்லசாமி உள்ளே வந்தார். ஆலை அவர் கையில். பல வருடமாக அங்கே இருப்பவர். சோமுவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. போன வருடம் ஒரு பையனுக்குக் கை வெந்ததைச் சோமு யூனியனில் சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

“கதை அளக்கத்தான் சம்பளமா உனக்கு? போய் வெளிய நில்லு.”

சோமு தலையைக் குனிந்துகொண்டு போனார்.

நான் பத்துக் கோப்புகளையும் ஒட்டினேன். ஏற்றினேன். ஒவ்வொரு பகுதியும் ஏறும்போது திரையில் ஒரு வரி வரும். கதவு தயார், வால்வு தயார் என்று மலாயில். புவனேசன் அப்படித்தான் எழுதியிருந்தார். பத்து வரியும் வந்தன.

பதினொன்றாவதாக ஒரு வரி வந்தது.

*உள்ளே ஆள் 1*

தமிழில்.

நான் சிரித்தேன் என்றே நினைக்கிறேன். புவனேசன் விளையாட்டாக எதையோ எழுதி வைத்திருக்கிறார் என்று தோன்றியது. பிறகுதான் உறைத்தது. அந்தத் திரையில் தமிழ் வராது. வரவே முடியாது. கறுப்புத் திரை, ரோமன் எழுத்து மட்டும். தமிழுக்கு வேண்டிய எதையும் அந்தக் கணினியில் நாங்கள் போடவில்லை.

நீராவி வால்வைத் திறக்கக் கட்டளை கொடுத்தேன். திறக்கவில்லை. மறுபடி கொடுத்தேன். அந்த வரி மட்டும் அப்படியே நின்றது.

கோப்பின் அளவைப் பார்த்தேன். கூட்டுத்தொகையைவிட அதிகம். கொஞ்சம்தான். ஆனால் அதிகம்.

அழித்துவிட்டு மறுபடி ஒட்டினேன். அதே அளவு. அதே வரி.

புவனேசன் எழுதிய மூலக் கோப்புகளை முழுக்கத் தேடினேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ‘ஆள்’ என்ற பொருளில் எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை.

பத்தையும் ஒட்டாமல் தனித்தனியாக என் மடிக்கணினியில் ஏற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாக ஓடியது. அந்த வரி வரவில்லை.

ஏதோ இரண்டை மட்டும் எடுத்து ஒட்டினேன். ஏற்றினேன்.

*உள்ளே ஆள் 1*

வேறு இரண்டு.

*உள்ளே ஆள் 1*

அப்போதுதான் புரிந்தது. எந்தக் கோப்பிலும் அது இல்லை. ஒட்டினால்தான் வருகிறது. இரண்டுக்கும் நடுவில், ஒட்டிய இடத்தில், ஏதோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடத்தைத் திறந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். முதல் கோப்பு முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கியது. நடுவில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாதது எடை கூட்டியிருந்தது.

நல்லசாமி எனக்குப் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. இது என்ன என்று கேட்கக்கூட இல்லை. அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளியே நின்ற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“இது போகாதா?” என்று மட்டும் கேட்டார். குரல் மெதுவாக இருந்தது.

“பாக்கறேன் சார். வெளிய இருந்து யாராவது கணினிக்குள்ள புகுந்து மாத்திட்டாங்களோ...”

“சீக்கிரம் பாரு.”

திவாகரனுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். திரையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

அந்தப் பக்கம் அறைக் கதவைச் சாத்துவது கேட்டது.

“பாஸ்?”

“நம்பர் என்ன காட்டுது?”

“ஒண்ணு.”

“ஒண்ணுதானா?” பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. “சரி. நல்லசாமி என்ன சொல்றாரோ அதைச் செய்.”

“பாஸ், ஒட்டாம தனித்தனியா ஏத்தினா நல்லா ஓடுது. கணினி எழும்பும்போது பத்தையும் வரிசையா எடுக்கற மாதிரி நான் மாத்திடறேன். ஒரு நாள் போதும்.”

“ஒரே ஃபைல்னுதான் குடுத்திருக்கோம். ஒரே ஃபைலாத்தான் போகணும். வெளிய லோரி நிக்குதுலா.”

வைத்துவிட்டார். உடனே நல்லசாமியின் போன் அடித்தது. அவர் வெளியே போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

புவனேசனின் எண் பழைய கோப்பு ஒன்றில் இருந்தது. ‘அண்ணே, நான் உங்க இடத்துல வேலை செய்யறேன், ஆலையில ஒரு வரி வருது, அவசரம்’ என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டங்...

இரும்பில் இரும்பு படுகிற சத்தம். உள்ளேயிருந்து. ஸ்டெரிலைசருக்கு உள்ளேயிருந்து.

டங்... டங்...

கதவருகே நின்ற சோமு திடுக்கிட்டுத் திரும்பினார். கையிலிருந்த ஸ்பேனரால் கதவில் ஒருமுறை தட்டினார்.

உள்ளேயிருந்து ஒருமுறை தட்டியது.

அவர் ஓடி வந்தார்.

“சார், உள்ள யாரோ இருக்காங்க!”

நல்லசாமி போனைச் சட்டைப் பையில் போட்டார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதை நான் இன்றும் மறக்கவில்லை.

“அதான் கம்ப்யூட்டரும் சொல்லுது” என்றார். “உள்ள ஆள் இருக்காம். போய்ப் பாரு.”

எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார்கள். ஒருவரும் குறையவில்லை. விடுமுறையில் வெளியாள் யாராவது ஏறியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கதவைத் திறந்தார்கள். டார்ச் அடித்தார்கள். முதல் கூண்டு வாசலை மறைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் கூண்டு, கூண்டு, கூண்டு. கடைசி வரைக்கும் எதுவும் தெரியவில்லை. கூண்டுகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒல்லியான ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் இடம்.

“கூண்ட வின்ச் போட்டு, கம்பியில கட்டி வெளிய இழுத்துடலாம் சார்” என்றார் சோமு. “அரை மணி நேரம்தான்.”

“அரை மணி நேரமா? உங்கப்பன் வீட்டு லோரியா வெளிய நிக்குது?”

“சைடுல போறது நல்லதில்ல சார். பாய்லர் ஓடுது.”

“யூனியனுக்குப் போறப்ப இருந்த தைரியம் எங்க போச்சு?” நல்லசாமி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “ஊருக்கெல்லாம் நியாயம் பேசறவன்டா இவன். உள்ள ஒரு மனுசன் தட்டறான். இவனுக்கு வின்ச் வேணுமாம்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சிரித்தார்கள்.

நான் படியில் இறங்கிப் போனேன். “சார், கூண்ட எடுத்துடலாமே. நான் இன்னும் பாத்து முடிக்கல.”

“நீ போய் உன் டப்பாவப் பாரும்மா.”

உள்ளேயிருந்து மறுபடி கேட்டது. டங்... இந்த முறை மெதுவாக. களைத்துப்போனவன் தட்டுவது மாதிரி.

சோமு அதைக் கேட்டார். அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. நல்லசாமிக்குப் பயந்து அவர் உள்ளே போகவில்லை. உள்ளே ஒருவன் சாகக் கிடக்கிறான் என்று நம்பித்தான் போனார். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

இடுப்பிலிருந்து சிவப்புப் பூட்டை எடுத்தார். கதவு வளையத்தின் துளையில் மாட்டினார். பூட்டினார். இழுத்துப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். நான் நாலடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

“நீங்க மேல போங்க தங்கச்சி” என்றார். “திரையில ஏதாச்சும் மாறினா கத்துங்க.”

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒருக்களித்து நுழைந்தார்.

நான் ஓடிப்போய்த் திரை முன்னால் நின்றேன்.

*உள்ளே ஆள் 1*

கண்ணாடி வழியாகக் கதவு தெரிந்தது. டார்ச் வெளிச்சம் கூண்டுக் கம்பிகளில் ஆடியது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.

“யாரு அங்க?” அவர் குரல் உருளைக்குள் முழங்கியது. “பயப்படாதீங்க. நான் வரேன்.”

தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

வெளிச்சம் இரண்டாம் கூண்டைத் தாண்டியது. மூன்றாவதை.

“இங்க யாரும் இல்லையே...” என்றார்.

திரையைப் பார்த்தேன்.

வரி இல்லை.

அழிந்திருந்தது. அந்த இடத்தில் கறுப்பு மட்டும்.

மாறினால் கத்தச் சொன்னார். நான் கத்தினேன். “அண்ணே! வெளிய வாங்க! வெளிய வாங்க!”

கதவு நகரத் தொடங்கியது.

யாரும் எதையும் தொடவில்லை. நான் இல்லை. நல்லசாமி இல்லை. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சிவப்புப் பூட்டு மாட்டியிருந்தது. மாட்டியபடியே கதவு மூடியது.

க்ளக்.

சிவப்புப் பொத்தானை அடித்தேன். எல்லாவற்றையும் நிறுத்தும் பொத்தான்.

எதுவும் நிற்கவில்லை.

கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினேன். திரை அணைந்தது.

கீழே வால்வு திறந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

பிறகு... தட்டும் சத்தம்.

டங். டங். டங். டங்.

வேகமாக.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். அப்படியும் கேட்டது.

டங்... டங்...

மெதுவாக.

களைத்துப்போனவன் தட்டுவது மாதிரி.

டங்...

அவ்வளவுதான்.

பாய்லர் பக்கம் யாரோ ஓடிப்போய்ப் பெரிய வால்வைக் கையால் சுற்றி அடைத்தார்கள். அழுத்தம் இறங்கும்வரை கதவைத் திறக்க முடியவில்லை. அந்த நேரம் முழுக்க நான் படியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் நல்லசாமி போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். குலை லோரிகளில் பாதியைப் பக்கத்து ஆலைக்குத் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே நான் போய்ப் பார்க்கவில்லை. எடுத்தவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். மூன்றாம் கூண்டு பக்கத்தில் இருப்பார் என்று தேடினார்கள். இல்லை. கூண்டுகளை ஒவ்வொன்றாக வின்ச் போட்டு வெளியே இழுத்தார்கள். கடைசிக் கூண்டுக்கும் பின் சுவருக்கும் நடுவில் இருந்தார். அங்கே ஒரு உள்ளங்கை நுழைகிற இடம்கூட இல்லை. மனிதன் அங்கே எப்படிப் போக முடியும் என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வேறு யாரும் உள்ளே இல்லை.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். சோமு யாரிடமும் சொல்லாமல், தன் பூட்டை மாட்டாமல், தானாகவே உள்ளே போனதாக நல்லசாமி எழுதிக் கொடுத்திருந்தார். நான் பூட்டைப் பற்றிச் சொன்னேன். என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர்கள் என்னைக் கதவருகே கூட்டிப்போனார்கள். வளையத்தில் ஒன்றும் இல்லை. சிவப்புப் பூட்டு சோமுவின் லாக்கரில், மடித்து வைத்த சட்டைக்கு மேல் இருந்தது. அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். நிரூபிக்க முடியவில்லை. சிரித்தவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

ஒட்டிய அந்தக் கோப்பை அவர்கள் சோதிக்கச் சொன்னார்கள். அவர்கள் முன்னாலேயே ஏற்றினேன். பத்து வரி வந்தது. பதினொன்றாவது வரவில்லை. அளவு சரியாகக் கூட்டுத்தொகை. ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. மறுநாளே ஆலை ஓடத் தொடங்கியது. அதே கோப்புதான்.

சோமுவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி மோகனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதான் கண்ணாடி பக்கத்துல நின்னீங்களாம். அவரு... கூப்பிட்டாரா?”

“இல்லக்கா.”

“சத்தம் ஏதாச்சும்?”

“ஒண்ணும் கேக்கலக்கா. உடனே...”

என்னால் முடிக்க முடியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை விட்டார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. இனி எந்த நாளும் நம்பமாட்டார்.

அந்த மாதமே வேலையை விட்டேன். திவாகரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு முன்னால் ஒருவர் இப்படிப் போனதைப் பார்த்துப் பழகியவர் மாதிரி தலையை மட்டும் ஆட்டினார்.

புவனேசன் பதில் போடவே இல்லை. ஆனால் எனக்கு அவரைப் பார்க்காமல் தீராது என்று ஆகிவிட்டது. அந்த வரியை ஏன் எழுதினீர்கள் என்று கேட்க வேண்டும். கோப்புகளில் இல்லையென்றாலும் அவர்தான் எப்படியோ ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று நம்பினேன். அது மட்டும்தான் மனதில் இருந்தது. விசாரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாசிர் பெனம்பாங்குக்குப் போனேன். ஆற்றோரம் ஒரு மீன் கடை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒருவர் சியாக்காப் மீனைச் செதில் உரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுதான் இருக்கும். தலை முழுக்க நரைத்திருந்தது.

“புவனேசன் அண்ணனா? நான் விஷாலினி. மெசேஜ் போட்டிருந்தேன்.”

அவர் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

“படிச்சேன்மா. அன்னைக்குச் சாயங்காலம்தான் பாத்தேன். அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்னு தெரியும்.”

“அந்த வரிய ஏண்ணே எழுதினீங்க?”

“நான் எழுதல.” கத்தியைக் கீழே வைத்தார். “நான் எழுதினது பத்து ஃபைல். எல்லாம் மலாய்ல. ஒட்டினப்பதான் எனக்கும் வந்துச்சு. தமிழ்ல. அந்தத் திரையில தமிழ் வராதுன்னு உங்களுக்கும் தெரியும்ல?”

கடைக்குப் பின்னால் படகு ஒன்று இன்ஜினை அணைத்தது. சுற்றிலும் திடீரென்று அமைதியானது.

“உங்களுக்கும் ‘உள்ளே ஆள் 1’னுதான் வந்துச்சா?”

“இல்ல. ரெண்டு.”

“ரெண்டு பேர் உள்ள இருந்தாங்களா?”

“யாரும் இல்லம்மா. காலியாத்தான் இருந்துச்சு. நல்லசாமி பாத்துட்டு வரச் சொல்லி ஒருத்தன அனுப்பினாரு. வங்காளதேசத்துப் பையன். உள்ள போனதும் ‘ரெண்டு’ங்கறது ‘ஒண்ணு’ன்னு மாறுச்சு. ஒருத்தன் கிடைச்சுட்டான், இன்னும் ஒருத்தன் பாக்கி இருக்கான்னு எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. போனவன் திரும்பி வரல. கூப்பிட்டா பதில் இல்ல. அவன் தம்பி வெளிய நின்னு அழுதான். அவனையும் அனுப்பினாங்க.” உரித்த மீனைப் புரட்டிப் போட்டார். “அப்ப வரி அழிஞ்சுச்சு. கதவு மூடுச்சு. அவனுங்க பேருகூட எங்கயும் பதியல.”



“ஆனா... உள்ள ஆள் இருக்குன்னு அது ஏண்ணே பொய் சொல்லணும்? யாருமே இல்லாதப்ப...”

“அது பொய் சொல்லலம்மா.” அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். “ஆள் ‘இருக்கு’ன்னு அதுல எங்க போட்டிருந்துச்சு? அந்தச் சொல்ல நாமதான் சேத்துக்கிட்டோம்.”

மீன் ஈரத்தோடு விரலை மேசையில் வைத்து எழுதினார். உள்ளே. ஆள். ஒன்று என்ற எண். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் விரலை நிறுத்தினார்.

“இங்க ‘வேணும்’னு போட்டுப் படிச்சுப் பாருங்க.”